அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் நம்பிக்கை விட்டுப்போன அந்தச் சம்பவம்: உங்களுக்கு எது?

கடைசிவரிசை:
எனக்குப் பத்தொன்பது வயது. "இந்த வயசுலயே இவ்வளவு கசப்பா?" என்று கேட்காத பெரியவர் இல்லை, அந்தக் கசப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. பள்ளியில் கடைசி வருடம், எல்லோருக்கும் தெரிந்த அதே கருத்துப் படிவம்தான், பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதைத் தயங்காமல் எழுதுங்கள் என்று கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் பேச்சு திக்கும் பையன் ஒருவன் இருந்தான். ஒரு ஆசிரியர் வேண்டுமென்றே அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வார், அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது வகுப்பே சிரிக்கும், அவர் யாரையும் அடக்க மாட்டார். அதைத்தான் எழுதினேன். நாலு வரி.

கொஞ்ச நாளில் தலைமை ஆசிரியர் அறைக்கு அழைப்பு. மேசையில் என் படிவம், பக்கத்திலேயே என் வரலாற்று நோட்டு. "'ழ' போடும்போது வாலை இப்படி இழுத்து விடுகிறாய், பார்" என்று இரண்டு தாளிலும் விரல் வைத்துக் காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்க அவ்வளவு மெனக்கெட்ட மனிதர், எழுதியது உண்மையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலிருந்து "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு இறுகுகிறது.

இரவுப்பணி:
புரிகிறது தம்பி. எனக்கு அது மருத்துவமனையில் நடந்தது, செவிலியர் பயிற்சியில் இருந்தபோது. காலை ரவுண்ட்ஸ், மூத்த மருத்துவர் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் ஒன்றை எழுதுகிறார், கேஸ் ஷீட்டின் தலைப்பிலேயே பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பு மையில் இருக்கிறது. சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் "யார் இந்தப் பொண்ணு?" என்றார். சிஸ்டர் அதே வரியைப் படித்துக் காட்டியதும் எழுதியதை அடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. ஆனால் நான் சொன்னபோது காதில் விழாத வரி சிஸ்டர் சொன்னபோது எப்படி விழுந்தது?

எங்களுக்கு வகுப்பில் விமான விபத்து ஒன்றைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு, மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். மேலெழும்ப ஓடத் தொடங்கிவிட்ட கே.எல்.எம். விமானத்தின் உள்ளே இருந்த பொறியாளர், பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டது பதிவாகியிருக்கிறது. விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார், விமானம் நிற்கவில்லை, இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். இளையவர்கள் வாய் திறக்கவும் மூத்தவர்கள் காது கொடுக்கவும் விமானத்துறை தனியாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். இதை எங்களுக்குப் பாடமாக நடத்தியது அதே மருத்துவமனைதான். அதனால்தான் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

மழைக்காகம்:
நீங்கள் எல்லோரும் மேலே இருப்பவர்களையே சொல்கிறீர்கள். எனக்குக் கீழே இருப்பவர்கள் மேலும் நம்பிக்கை இல்லை. சாலையில் ஒரு சைக்கிள்காரரைக் கார் தட்டிவிட்டுப் போய்விட்டது, நெற்றியில் இருந்து ரத்தம், நான் என் சட்டையைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கள் என்று கத்துகிறேன். சுற்றி நின்றவர்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒருவர் குனிந்து, மரியாதையாக, "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, முகம் தெரியல" என்றார்.

அதற்கப்புறம் மனிதர்களைப் பற்றி யார் நல்லதாகச் சொன்னாலும் எனக்கு மில்கிராம் என்ற உளவியலாளர் செய்த சோதனைதான் ஞாபகம் வருகிறது. 1961, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். ஆய்வகக் கோட்டு போட்ட ஒருவர் "தொடருங்கள்" என்று சொன்னதற்காக 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பி, 450 வோல்ட் வரை போனார்கள். மேலே இருப்பவன் சொன்னால் செய்வார்கள், சொல்ல யாரும் இல்லையென்றால் வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவுதான் நாம்.

பழையபேனா:
மழைக்காகம், பாதிச் சோதனையைச் சொல்லித் தீர்ப்பு எழுதாதீர்கள். மில்கிராம் அதைப் பல விதமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கட்டளையைத் தொலைபேசியில் கொடுத்தபோது ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் கடைசிவரை போனார்கள். கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் (அவர்கள் நடிகர்கள்) "இனி முடியாது" என்று எழுந்தபோது 40 பேரில் 4 பேர் மட்டுமே. நீங்கள் சொன்ன முதல் கணக்கிலும் 14 பேர் மறுத்திருக்கிறார்கள், அவர்கள் மனிதர்கள் இல்லையா?

என் அனுபவம் சின்னது. மகளுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனோம், விண்ணப்பம் அவள் பெயரில், கேள்வி கேட்டதும் அவள். அலுவலர் ஒவ்வொரு பதிலையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வெளியே வந்ததும் "அப்பா, நான் அங்க இருந்தேனா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

இப்போது கடைசிவரிசைக்கு. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவைப் படியுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இனி எங்கே புகார் கொடுத்தாலும் தனியாகப் போகாதீர்கள், மில்கிராம் காட்டியதே அதைத்தான், இரண்டு பேர் எழுந்தால் மூன்றாமவருக்குத் தைரியம் வரும். வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். தேதி போடுங்கள், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள், உங்கள் கோபத்தை அதில் சேர்க்காதீர்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் அதே கடிதத்தை இணைத்து அதற்கு மேல் இருப்பவருக்கு அனுப்புங்கள். சலித்துப்போய் ஒதுங்கினால் அந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் சௌகரியம்.

கடைசிவரிசை:
ஐயா, மரியாதையோடுதான் சொல்கிறேன், நான் ஆலோசனை கேட்கவில்லை. 12ஆவது பிரிவு என் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. கேட்டார்களே! அச்சடித்த படிவம் கொடுத்துத்தானே கேட்டார்கள். கருத்துக் கேட்ட அதே தாளை ஆளைப் பிடிக்கவும் பயன்படுத்தினார்கள் என்பதுதான் என் பிரச்சினை, அதற்கு நகலும் கையெழுத்தும் என்ன செய்யும்? உங்கள் மகள் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதியிருந்தால் அதை இரண்டு தடவை படித்திருப்பேன்.

நீலக்கதவு:
எனக்கு இதற்கு நேர் எதிரானது நடந்தது, அதனால் எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைவு என்று மறு ஆய்வுக்குப் போட்டிருந்தேன், ஒரு வருடமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேராசிரியர் என்னை எதிரே உட்கார வைத்து, "நீ முதலில் சொல்லு, எங்கே குறைந்தது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு நான் முடிக்கும்வரை பேசவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு பதிலாக எடுத்து, இங்கே ஏன் பாதி, இங்கே ஏன் பூஜ்யம் என்று காட்டினார். கடைசியில் ஒரு மதிப்பெண் கூட ஏறவில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, இன்றுவரை இல்லை. தோற்றுப்போன இடத்தில் எப்படி மரியாதை வந்தது என்பது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. டாம் டைலர் என்ற உளவியலாளர் 1980களில் சிகாகோவில் ஏராளமானவர்களிடம் பேசிக் கண்டதும் இதுதான்: போலீஸும் நீதிமன்றமும் தங்களை நியாயமாக நடத்தின என்று நினைப்பவர்கள், தீர்ப்பு எதிராக வந்தாலும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இளைஞர்களுக்கு அதிகாரமே பிடிக்காது என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு அதிகாரம் ஒவ்வாமை இல்லை, காரணம் சொல்லாத அதிகாரம்தான் ஒவ்வாமை.

மழைக்காகத்துக்கு ஒன்று. லான்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் சுற்றி இருந்தவர்களில் ஒருவராவது உள்ளே போய்த் தடுத்திருக்கிறார். நீங்களே அப்படி ஒருவர்தானே?

மழைக்காகம்:
அது சண்டை, நான் சொன்னது விபத்து. சரி, ஒருவராவது உதவுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், அந்த ஒருவரைச் சுற்றி நிற்கிற மற்றவர்கள்? நான் மனிதர்களை வெறுக்கவில்லை. அந்த மனிதர் "நகருங்க" என்று அவ்வளவு பணிவாகக் கேட்டாரே, தான் செய்வதில் எந்தத் தவறும் தெரியாத குரல் அது. வீட்டில் அவரும் பிள்ளைகளிடம் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இரக்கமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

இரவுப்பணி:
பழையபேனா ஐயாவுக்கு: எழுத்து, நகல் எல்லாம் மேலே படிக்க ஆள் இருந்தால்தான். எனக்கு வேலை செய்வது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நேரம் வீண் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. இப்போது என்னோடு வரும் பயிற்சி மாணவிகளை முதலில் பேச வைக்கிறேன், யார் முகம் சுளித்தாலும் அவர்கள் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போவதில்லை.