நந்தினி கல்யாணம் (குடும்பம் மட்டும்)

மீனா அத்தை: பத்திரிகை ப்ரூஃப் வந்துவிட்டது. இன்றே ஓகே சொல்லணுமாம். மாப்பிள்ளை பேரில் வரும் ஃப்ளெட்சர் என்ன, ஊர்ப் பேரா, அப்பா பேரா?

சேகர்: குடும்பப் பேர்

பாலு சித்தப்பா: விளக்கமாகவே சொல்கிறேன். தொழிலால் வந்த பெயர் அது. அம்பு செய்பவர் என்று அர்த்தம். 1066ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சிலிருந்து போன சொல். வாத்து இறகைப் பிளந்து, அம்பின் வாலில் பசை தடவி ஒட்டி, நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். அம்பு முனை அடித்த கொல்லர் ஆரோஸ்மித், நாண் திரித்தவர் ஸ்ட்ரிங்கர். இவையும் குடும்பப் பெயர்கள்தான். லண்டனில் 1371ல் அம்புக்காரர்கள் மேயரிடம் மனுக் கொடுத்து, வில்காரர்களிடமிருந்து தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள்.

சேகர்: அங்கேயும் பாகப்பிரிவினை 😂

மீனா அத்தை: சேகர், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

ரவி மாமா: டங்கன் ஃப்ளெட்சர்! 2011ல் நம்ம டீம் கோச். இங்கிலாந்தில் 4-0 வாங்கினோம்

கணேசன் மாமா: 1982 சேப்பாக்கம். விஸ்வநாத் 222. எதிர் டீம் கேப்டன் கீத் ஃப்ளெட்சர். நேரில் பார்த்தேன்

சேகர்: தெரியும் மாமா. எல்லாருக்கும் தெரியும்

பாலு சித்தப்பா: இன்னொன்று. சில குடும்பங்களில் ஃப்ளெஷர் என்பதுதான் ஃப்ளெட்சர் என்று மருவியது. ஃப்ளெஷர் என்றால் கசாப்புக்காரர்.

பெரியம்மா: என்னது

மீனா அத்தை: பாலு!! அக்காவுக்கு பிபி

பாலு சித்தப்பா: சில குடும்பம் என்றுதானே சொன்னேன்

நந்தினி: பெரியம்மா, அவர் அப்பா பல் டாக்டர். தாத்தா ரயில்வே

பெரியம்மா: சைவமா

நந்தினி: தாத்தாவா? 🙄

ரவி மாமா: நீ இனி நந்தினி ஃப்ளெட்சரா?

நந்தினி: மாற்றியே ஆகணும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை மாமா. சிலர் இரண்டு பேரையும் கோடு போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்

ரவி மாமா: குழந்தைக்கு?

நந்தினி: மாமா 🙏

பாலு சித்தப்பா: குடும்பப் பெயரை முதல் பெயராகவும் வைப்பார்கள். 1789ல் பவுண்டி கப்பலில் கலகம் செய்த ஃப்ளெட்சர் கிறிஸ்டியன்

மீனா அத்தை: கலகம் இருக்கட்டும். பிரஸ்காரர் லைனில் இருக்கிறார். 'பிளெட்சர்' என்று அடித்திருக்கிறார்

சேகர்: ஃ போடச் சொல்லுங்க

பெரியம்மா: மாப்பிள்ளையின் அம்மா பேரும் போடு. போன பத்திரிகையில் எங்க வீட்டுக்காரர் பேரை விட்ட மாதிரி செய்யாதே

நந்தினி: இங்கிலாந்தில் கல்யாணப் பதிவிலேயே 2021லதான் அம்மா பேர் வந்தது

மீனா அத்தை: போன பத்திரிகை அடித்தது நான் இல்லை அக்கா

கணேசன் மாமா: சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறது

மீனா அத்தை: பிரஸ்காரரிடம் ஒரு மணி நேரம் டைம் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை அம்மா பேரும் சேர்க்கணுமா, வேண்டாமா?

சேகர்: 👍

மீனா அத்தை: எதுக்கு 👍