சோழர் கோயில்களில் மனசை விட்டுப் போகாத ஒரு சிற்பம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

உளிச்சத்தம்:

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் முதலை. கோயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நேரே அதற்கு வருகிறேன். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாக ஓடும் நாயன்மார் கதைப் பலகைகளில் ஒன்று. அவிநாசியில் சுந்தரர் பாட, என்றோ விழுங்கிய பிள்ளையை முதலை திருப்பிக் கொடுக்கிறது. அந்த வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் நொடியைத்தான் சிற்பி பிடித்திருக்கிறான். சேக்கிழார் இந்தக் கதைகளைப் பெரியபுராணமாகப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். கோயில் அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் எடுத்தது. ஒரு தலைமுறைக்குள் பாட்டு கல்லுக்கு வந்துவிட்டது!

நின்றபடி சுற்றினால் இது கண்ணில் படவே படாது. குத்தவைத்து உட்கார வேண்டும். டார்ச்சை நேரே அடித்தால் கல் வெளிறி உருவம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து முதலையின் தாடை எழுந்து வரும். பலகையோடு வெட்டியிருக்கும் எழுத்துகளுக்கும் இதே வழிதான். சாக்பீஸ் தேய்த்துப் படிக்க வேண்டாம். பொடி எழுத்துக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் போகாது.

பிராகாரம்:

டார்ச் எதற்கு? சூரியனே போதும், மாதம் தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். கோயில் கிழக்குப் பார்த்தது, அதனால் நீளச் சுவர்கள் தெற்கும் வடக்கும். பங்குனி முதல் பாதியிலும் புரட்டாசி முதல் பாதியிலும் வெயில் தெற்குச் சுவரை உரசிக்கொண்டே நாள் முழுக்க நகரும். சின்னச் சிற்பங்களுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மார்கழியில் தெற்குச் சுவருக்கு வெயில் தாராளம், ஆனால் நேராக அடிப்பதால் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் நிழல் நன்றாக இருக்கும். ஆனி மாதம் போனால் தெற்குச் சுவருக்கு நேர்வெயிலே வராது. அப்போது வடக்குச் சுவரைப் பாருங்கள். உச்சிவெயிலில் கபோதத்தின் (மேலே நீட்டிய கல் இறவாணம்) நிழல் கோஷ்டத் (சுவர் மாடத்து) தெய்வங்களின் முகத்தை மறைக்கும், அடிவரிசைப் பலகைகள் மட்டும் தப்பிக்கும்.

எனக்கு அங்கே ரிஷபகுஞ்சரம். யானைக்கும் காளைக்கும் ஒரே தலை. கையால் ஒரு பக்க உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பாதிப் பேர் இதைச் செய்து பார்க்காமலே ‘சூப்பர்’ என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சண்டேசன்:

வெளிச்சம், கோணம் என்று போட்டோக்காரர் பேச்சாகவே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வாருங்கள். வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, அதாவது அடியார் சண்டேசருக்கு அருள் செய்யும் சிவன். அம்மையோடு அமர்ந்த சிவன், கீழே கைகூப்பித் தலை தாழ்த்திய சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். மாலை இன்னும் சுற்றி முடியவில்லை. அந்தக் கைகளில் ஆயிரம் வருஷமாக முடியாத ஒரு வேலை இருக்கிறது.

இது கோயிலை எடுத்த ராஜேந்திரனுக்குச் சிவன் முடிசூட்டுவது என்று கைடுகள் அடித்துச் சொல்வார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கச் சுவரில் சின்னப் பலகைகளைப் பாருங்கள்: பசுக்கள், மண் லிங்கத்துக்குப் பாலாட்டு, பாலை உதைத்த தகப்பனின் காலை மகன் சண்டேசர் வெட்டுவது. முழுக்க சண்டேசர் கதை. அரசன் தன்னையும் அதில் நினைத்துப் பார்த்திருக்கலாம், அது வேறு விஷயம். கதையை விட்டுவிட்டுக் கிரீடத்தை மட்டும் பேசினால் சிற்பம் பாதிதான் தெரியும்.

அந்தக் காலத்துக் கோயில் நில விற்பனையெல்லாம் சண்டேசர் பெயரில் நடந்தது. சிவன் சொத்துக்குக் கணக்கர் அவர். சன்னதியில் கையைத் தட்டி விரித்துக் காட்டுவது ‘எதையும் எடுத்துப் போகவில்லை’ என்று அவரிடம் சொல்வது. சத்தம் போட்டு அவரை எழுப்புவது அல்ல. துணியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடுவதும் தேவையில்லாத வேலை, கோயில் குப்பையாவதுதான் மிச்சம்.

பெரியகோயில்_தெரு:

சண்டேசன் அண்ணே, கைடு பேச்சு என்றால் தஞ்சாவூரை விடலாமா? ‘விமானத்தின் (கருவறை மேல் கோபுரம்) நிழல் தரையில் விழாது’ என்பார்கள். மார்கழி உச்சிவேளையில் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். சூரியன் அப்போது அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். 60 மீட்டர் விமானத்தின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி நன்றாக நீளும். பங்குனியில் சூரியன் 80 பாகை கிட்டே ஏறிவிடுவதால் நடுப்பகல் நிழல் விமானத்தின் சரிவுக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கே பிறந்திருக்கும். ‘உச்சியில் 80 டன் ஒரே கல்’ என்பதும் அப்படியே. சிகரம் பல துண்டுகள் சேர்த்தது.

பொய்யான அதிசயத்தைக் காட்டி நிஜமான அதிசயத்தைத் தாண்டிப் போகவைக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். அடிவரிசைக் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று தொடங்குகிறான். அக்காள் குந்தவைக்கு அடுத்த இடம்! பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயில் ஆடல் மகளிர்) ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறான். பதிகம் பாட 48 பேர், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவர். படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரியை விரலால் தொடாமல் கண்ணாலேயே பின்தொடர்ந்து சுவரோடு நடந்து பாருங்கள்.

புதுசு:

தஞ்சையில் உள் சுற்றுப்பாதைச் சோழ ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

பெரியகோயில்_தெரு:

பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தது, மேலே நாயக்கர் கால ஓவியம், அடியில் சோழர் ஓவியம். குறுகிய இருட்டுப் பாதை, மூச்சுக்காற்றின் ஈரமே சுண்ணச்சாந்தைக் கெடுக்கும். படங்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குடந்தை_டவுன்பஸ்:

தாராசுரத்தில் என் பங்குக்குக் காலி மாடம். சுற்றி வரும்போது சில இடங்களில் சிலை இருக்காது, திருட்டுப் போய்விட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். அங்கிருந்த கஜசம்ஹாரரும் இன்னும் சிலவும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. யானைத் தோலைக் கிழித்தபடி உடம்பை முறுக்கி நிற்கும் சிவன், பக்கத்தில் பயந்து விலகும் அம்மை. இரண்டு ஊரையும் பார்த்தால்தான் கணக்கு முழுசாகும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் எதிரி தரைக் கல். பதினோரு மணிக்கு மேல் வெறுங்காலில் பிராகாரம் சுற்ற முடியாது. பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், நைலான் வேண்டாம், வழுக்கும். தாராசுரம் தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கிய கோயில், பெருமழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் தேங்கியிருக்கலாம். பலிபீடத்தின் இசைப் படிகளைக் கம்பிக் கூண்டு போட்டு அடைத்திருக்கிறார்கள், ‘தட்டிக் காட்டுகிறேன்’ என்று யாராவது வந்தால் ஊக்குவிக்காதீர்கள், தட்டித் தட்டித்தான் கூண்டே வந்தது. கேமரா முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். மதியம் பொதுவாக சன்னதி நடை சாத்தியிருக்கும், ஆகவே முதலில் தரிசனம், பிறகு சிற்பம். தெற்குச் சுவரில் தொடங்கி வலமாகவே போங்கள், எதிர்த்திசையில் வந்தால் கும்பிட வருகிறவர்கள் மேல் முட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தெய்வநாயகி அம்மன் கோயில் வடக்கே தனி வளாகம், பலபேர் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சாலையில் டவுன் பஸ், ஆட்டோ இரண்டும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அணைக்கரை வழியாகப் போக வேண்டும். அந்த அணையை 1836ல் கட்டியபோது கல் எடுத்தது இதே கோயிலின் மதிலிலிருந்துதான், பாலத்தில் வண்டி ஏறும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சண்டேசன்:

டவுன்பஸ் தம்பி, ஒன்று விட்டுவிட்டீர்கள். ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சிற்பம் பார்க்கப் போகாதீர்கள். பதின்மூன்று அடி லிங்கத்தைச் சோறு மூடுவதைப் பார்க்க மட்டும் போங்கள். வடக்கு வாசல் பக்கம் அன்றைக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது.