அனாமலிக்குத் தமிழில் என்ன பெயர்? ஒரு காலநிலை வரைகலையும் அதன் செங்குத்து அச்சும்

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

புவி வெப்பமடைவதைப் பற்றி ஒரு பக்கத் தகவல் வரைகலை செய்துகொண்டிருக்கிறேன். மேல்பாதியில் 1850 முதல் 2024 வரை உலகச் சராசரி வெப்பநிலை, கீழ்ப்பாதியில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு. கீழ்ப்பாதி சுலபமாக முடிந்துவிட்டது. 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டியாயிற்று. 'பத்து லட்சத்தில் இத்தனை பங்கு' என்று எழுதினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மேல்பாதியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தரவுக் கோப்பில் இருப்பது வெப்பநிலை அல்ல, 'டெம்பரேச்சர் அனாமலி'. அதாவது ஒரு குறிப்பிட்ட காலத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்ற எண். அகராதியைப் பார்த்தால் 'ஒழுங்கின்மை' என்கிறது. செங்குத்து அச்சில் 'வெப்பநிலை ஒழுங்கின்மை' என்று எழுதி ஒருவரிடம் காட்டினேன். "வெப்பமானி பழுதா?" என்று கேட்டார்.

அச்சில் இடம் குறைவு. இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. உங்கள் பரிந்துரைகளுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.

மறுமொழி

வணக்கம். 'பிறழ்வு' என்று வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது, ஒலியும் நன்றாக இருக்கிறது. வெப்பநிலைப் பிறழ்வு. இயற்கை தடம் மாறிப் போகிறது என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மறுமொழி

பிறழ்வு எனக்கு உடன்பாடில்லை. வானிலை அறிக்கையில் தினமும் கேட்கிறோம்: 'இயல்பைவிட 2 டிகிரி அதிகம்', 'வெப்பநிலை இயல்பை ஒட்டி இருக்கும்'. மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்குத் தேட வேண்டும்? 'இயல்பு வேறுபாடு' போதும்.

மறுமொழி

அன்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடும் முன் இந்த எண் எதற்காக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மலைமேல் ஒரு வானிலை நிலையம், அடிவாரத்தில் இன்னொன்று. இரண்டும் காட்டும் வெப்பநிலைகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. மேலே 14 என்றால் கீழே 29 இருக்கும். ஆனால் வழக்கத்தைவிடச் சூடான மாதத்தில் இரண்டும் தத்தம் வழக்கமான அளவைக் காட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருக்கும். அதனால்தான் உலகச் சராசரியைக் கணக்கிடுபவர்கள் வெப்பநிலைகளை அப்படியே கூட்டி வகுப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் அந்த இடத்தின் வழக்கமான அளவைக் கழித்து, மிஞ்சும் வேறுபாடுகளைத்தான் சராசரி எடுக்கிறார்கள். நடுவில் ஒரு நிலையம் மூடப்பட்டாலும் கணக்கு பெரிதாகக் குலையாமல் இருப்பது இதனால்தான். ஆக அனாமலி என்பது ஒரு கழித்தல் கணக்கின் விடை, அவ்வளவே. அதில் கோளாறும் இல்லை, குற்றமும் இல்லை.

எனவே முன்வைக்கும் எந்தச் சொல்லையும் மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். சுழியத்தோடு நிற்குமா? எதிர்க்குறியோடு நிற்குமா? எதனோடு ஒப்பிட்டோம் என்பதைப் பற்றித் தவறான எண்ணம் தருமா?

'பிறழ்வு' முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. விடை சுழியமான ஆண்டை 'பிறழ்வு சுழியம்' என்று எழுத வேண்டிவரும். நேர்குறியானாலும் எதிர்க்குறியானாலும் எல்லா ஆண்டுமே பிறழ்ந்த ஆண்டு என்றாகிவிடும். எச்சரிக்கையைச் சொல்லுக்குள் ஏற்றுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அது வரைபடம் செய்ய வேண்டிய வேலை. அச்சின் பெயரே தீர்ப்பு எழுதிவிட்டால், ஐயப்பாட்டோடு வருபவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார். 'முரண்' பற்றியும் இதுவே. 4 டிகிரிக்குக் கீழே நீர் குளிரக் குளிர விரிகிறதே, அதை முரண்பட்ட விரிவு என்பது பொருத்தம், ஏனென்றால் அங்கே மெய்யாகவே ஒரு முரண் இருக்கிறது. இங்கே இல்லை.

'விலகல்', 'விலக்கம்' இரண்டையும் யாரும் சொல்லும் முன்பே தள்ளிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'திட்ட விலக்கம்', இலங்கையில் 'நியம விலகல்' என்று புள்ளியியலில் வேரூன்றிவிட்ட சொற்கள். அந்த அளவு ஒருபோதும் எதிர்க்குறியில் வராது. நம் அச்சிலோ பல ஆண்டுகள் சுழியத்துக்குக் கீழே கிடக்கும்.

இனி 'இயல்பு வேறுபாடு'. அன்றாட வானிலைக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது, அதில் நண்பரோடு முழுக்க உடன்படுகிறேன். காலநிலை வரைகலைக்கு வரும்போதுதான் மூன்றாம் சோதனையில் இடறுகிறது. உலக வானிலை அமைப்பின் முறைப்படி 'இயல்பு' என்பது இப்போது 1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுச் சராசரி. பத்தாண்டுக்கு ஒருமுறை அது நகரும். அந்த முப்பது ஆண்டுகளே முன்பைவிடச் சூடானவை. 'இயல்பு' என்று தமிழில் சொன்னால் இயற்கையாக, இருக்க வேண்டியபடி இருப்பது என்றுதான் காதில் விழுகிறது. ஏறிப்போன வெப்பத்துக்கு இயல்பு என்று பட்டம் கட்டி, அங்கிருந்து அளந்து காட்டினால் வரைகலை சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு விழுங்குகிறது? ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவை 2024-க்குத் தந்த எண்களையே பாருங்கள். அந்த ஆண்டின் உலகச் சராசரி 15.10 டிகிரி செல்சியஸ். 1991–2020 சராசரியோடு ஒப்பிட்டால் 0.72 டிகிரி கூடுதல். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 1.60 டிகிரி கூடுதல். ஆண்டு ஒன்று, அளவீடு ஒன்று, விடை இரண்டு. நாசா 1951–1980-ஐ வைத்துக் கழிக்கிறது. பிரிட்டனின் ஹாட்லி மையத் தொடரில் அது 1961–1990. வரைகலை செய்பவர்கள் ஒரு படத்துக்கு ஒரு மூலம், அடுத்த படத்துக்கு வேறு மூலம் என்று எடுத்து அருகருகே ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பார்ப்பவர் இரண்டு எண்ணையும் படித்துவிட்டு 'இவர்களுக்கே தெரியவில்லை' என்று முடிவுகட்டுகிறார்.

வண்ணத்திலும் இதே கதைதான். பிரிட்டனின் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட காலநிலைப் பட்டைகளில் எண் இல்லை, அச்சு இல்லை. ஆண்டுக்கு ஒரு பட்டை, நீலத்திலிருந்து சிவப்புக்கு. அப்படி இரண்டு பக்கமும் விரியும் வண்ண வரிசையில் நிறம் மாறும் இடம் எது என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் ஒப்பீட்டுக் காலம்தான் முடிவு செய்கிறது. 1850–1900 என்று வைத்தால் வலது பாதி முழுக்கச் சிவந்துவிடும். 1991–2020 என்று வைத்தால் 1970-கள்கூட நீலமாகத் தெரியும். இரண்டுமே பொய்யில்லை. எதை வைத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் பொய்.

என் பரிந்துரை இது. அனாமலிக்கு 'மிகைகுறை'. நேர்குறியில் வந்தால் மிகை, எதிர்க்குறியில் வந்தால் குறை. வரவுசெலவு, ஏற்றத்தாழ்வு, இன்பதுன்பம் போல உம்மைத்தொகை. மிகைகுறை சுழியம் என்று எழுதினால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று நேராகப் பொருள் வருகிறது. ஒற்று மட்டும் மிகக் கூடாது. 'மிகைக்குறை' என்று எழுதினால் மிகையான குறை என்றாகிவிடும். 'பேஸ்லைன் பீரியட்' என்பதற்கு 'ஒப்புக்காலம்'. எந்தச் சராசரியிலிருந்து கழித்தோமோ அந்தக் காலம். அச்சில் இரண்டும் பிரியாமல் வர வேண்டும்: 'வெப்ப மிகைகுறை, ஒப்புக்காலம் 1850–1900'.

'கூடுகுறை' என்றும் யோசித்தேன். நாக்கில் இன்னும் எளிதாக வருகிறது. ஆனால் 'கூடக்குறைய இருக்கும்' என்றால் நமக்கு உத்தேசமாக என்று பொருள். நூறில் ஒரு பங்கு டிகிரி வரை கணக்குப் பார்க்கும் இடத்தில் அந்த வாடை வேண்டாம்.

மறுமொழி

மடலுக்கு நன்றி ஐயா. இரண்டு தடை.

ஒன்று, 'மிகை' என்றவுடன் பலருக்கு 'மிகைப்படுத்துதல்' நினைவுக்கு வரும். காலநிலை மாற்றமே மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிடுபவர்களுக்கு நாமே சொல் எடுத்துக்கொடுத்தது போல் ஆகாதா? இரண்டு, 'ஒப்புக்கு' என்றால் பெயரளவுக்கு, கடமைக்கு. 'ஒப்புக்காலம்' என்று படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மடலிலேயே ஓரிடத்தில் 'ஒப்பீட்டுக் காலம்' என்று எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மறுமொழி

ஒப்பீட்டுக் காலத்துக்கு மாறிக்கொள்கிறேன். நியாயமான தடை, சிரிப்பும் சேர்த்து.

முதல் தடையை ஏற்க மாட்டேன். மிகை என்பது தேவைக்கோ அளவுக்கோ மேலே நிற்பது. மிகை வருவாய், மிகை உற்பத்தி, மிகை மழை என்று பொருளாதாரத்திலும் வேளாண்மையிலும் எந்தக் குறுகுறுப்பும் இல்லாமல் ஓடுகிற சொல். பெரிதாக்கிச் சொல்வது என்ற பொருள் 'படுத்து' ஒட்டிக்கொண்டபின் வருவது. தனியாக நிற்கும்போதும் குறையோடு சேர்ந்து நிற்கும்போதும் அந்த நெருடல் எனக்கு இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. வெப்பநிலைக்கும் வேறுபாட்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாததால் வரும் குழப்பத்தைச் சொல்லவில்லை. 'வெப்பநிலை 1.5 டிகிரி உயர்ந்தது' என்பதும் '1.5 டிகிரியாக உயர்ந்தது' என்பதும் ஒன்றல்ல. அந்த ஓர் 'ஆக' உலகத்தையே உறைய வைத்துவிடுகிறது. ஆனாலும் செய்திகளில் இரண்டும் கலந்து வருகின்றன. அலகு மாற்றும்போதும் இதே தொல்லை. 1.60 டிகிரி செல்சியஸ் மிகையை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 2.88. மாற்றி தரும் செயலியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 32-ஐயும் கூட்டி 34.88 என்று நீட்டும். அதற்கு நீங்கள் தந்தது வேறுபாடு என்று எப்படித் தெரியும்?

இன்னொரு பொறி சதவீதம். 13.50-லிருந்து 15.10-க்கு வந்ததை ஏறக்குறைய 12 சதவீத உயர்வு என்று பெரிய எழுத்தில் போட ஆசை வரும். அதையே ஃபாரன்ஹீட்டில் 56.30-லிருந்து 59.18 என்று எழுதிப் பாருங்கள், 5 சதவீதம்தான் தேறும். சுழியமே நாம் வைத்ததாக இருக்கும் அளவுகோலில் சதவீதத்துக்கு இடமில்லை. மழைக்குப் போடலாம், வெப்பத்துக்குக் கூடாது. மிகைகுறை என்று எழுதிவிட்டால் அலகு டிகிரி என்பது எழுதுபவருக்கும் மறக்காது.

1.6 என்பது பார்க்கச் சிறிய எண் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் ஒரே ஓர் ஒப்பீடு போதும். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 5 முதல் 7 டிகிரி வரைதான் குறைவு. அந்த 'வரைதான்' காலத்தில் கண்டங்களின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி கிடந்தது.

தொடங்கியவர் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. வரைகலையில் இப்படி மாற்றியிருக்கிறேன். தலைப்பில் கலைச்சொல்லே இல்லை: '2024: தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.60 டிகிரி கூடுதல் வெப்பம்'. அச்சில் 'வெப்ப மிகைகுறை (டிகிரி செல்சியஸ்)'. சுழியக் கோட்டின் மேலேயே, கோட்டை ஒட்டி, '1850–1900 சராசரி'. முதலில் இதை அடிக்குறிப்பில் வைத்திருந்தேன், அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. சுழியத்துக்கு மேலே சிவப்பில் 'மிகை', கீழே நீலத்தில் 'குறை'. இந்த இரண்டு சொல்லும் அச்சுப் பெயரைத் தாமே விளக்கிவிடுகின்றன என்று தோன்றுகிறது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் சிவப்பு நீலம் தெரியும் என்பதால் வண்ணத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரிக் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு, அருகில் 'இது பல்லாண்டுச் சராசரிக்கான எல்லை, ஓர் ஆண்டுக்கானது அல்ல' என்று சேர்த்திருக்கிறேன். இல்லையென்றால் 2024-இன் பட்டை கோட்டைத் தாண்டி நிற்பதைப் பார்த்து 'ஒப்பந்தம் முறிந்தது' என்று பகிரத் தொடங்கிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் மீதி. உலக வானிலை அமைப்பு ஆறு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து 2024-க்குத் தந்த எண் 1.55, கூடவே 0.13 கூட்டல் கழித்தல், அதாவது உண்மை அளவு அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த 0.13-ஐப் பட்டையின் தலையில் மெல்லிய கோடாகக் காட்டுகிறேன். அதற்கு என்ன பெயர்? 'பிழைப்பட்டை' என்று எழுதினால் பிழை செய்துவிட்டார்கள் என்று படிப்பார்கள். 'ஐயவரம்பு' என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே அடித்துத் துவையுங்கள்.