என் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி மாணவர்களிடம் சந்தா வாங்குகிறார்கள்: என்ன செய்யலாம்?

இலக்கண ஆசிரியை (கேள்வி)

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுவோருக்காகத் தமிழ் இலக்கணப் பாடங்களை யூடியூபில் கட்டணமின்றி நடத்திவருகிறேன். அண்மைக் காலமாக என் படத்தையும் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு, காணொளிகளின் கீழே ஐயம் கேட்கும் மாணவர்களுக்கு நானே பதில் சொல்வதுபோல் எழுதி, வேறொரு செயலியில் உள்ள குழுவுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறது. அங்கே பிரீமியம் வினாத்தாள் தொகுப்பு என்று சொல்லி ஆண்டுச் சந்தாவாக 499 ரூபாய் வாங்கிக்கொண்டு, பணம் வந்ததும் மாணவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஏமாந்தவர்களில் பலர் பகலில் வேலை பார்த்து இரவில் படிப்பவர்கள். அந்தத் தொகை அவர்களுக்குப் பெரியது. பணம் கட்டியவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும், அந்தக் கணக்கை எப்படி நீக்குவது, இனி யாரும் ஏமாறாமல் இருக்க நான் என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா, முதலில் பணம் கட்டியவர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், அல்லது தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன்னரே புகார் வந்துவிட்டால், வங்கிகள் அதை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

சந்தா என்ற பெயரில் வாங்கியிருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பணம் அனுப்புவதாக நினைத்து, மாதந்தோறும் தானாகப் பிடித்தம் செய்யும் ஆட்டோபே ஒப்புதலுக்குச் சிலர் பின் எண்ணை இட்டிருக்கலாம். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால் நடப்பில் உள்ள ஒப்புதல்கள் தெரியும். அங்கேயே ரத்து செய்துவிடலாம். வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த பாதுகாப்பைப் பலர் இங்கே நம்பிக்கொண்டிருப்பார்கள். தாமே பின் எண் இட்டு அனுப்பிய பணத்துக்கு அது எளிதில் பொருந்தாது என்பதால்தான் 1930ஐ வலியுறுத்துகிறேன். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று அடுத்து ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராகவே பெரும்பாலும் இருப்பார்.

சட்டம் பயில்பவர்

கணக்கை நீக்குவது பற்றி: புகார் அளிப்பதற்கு முன்பே அதன் முழு முகவரியையும் பயனர் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் காட்சிப் பெயரை யாரும் எப்போதும் மாற்றலாம் என்பதால் அது சான்றாக நிற்காது. பிறகு "ஆள்மாறாட்டம்" என்ற வகையிலேயே புகார் அளியுங்கள். மாணவர்கள் பொதுவாக "மோசடி" என்று அனுப்பும் புகார்களைவிட, ஆள்மாறாட்டத்துக்கு உள்ளானவரோ அவர் சார்பில் ஒருவரோ அளிக்கும் புகாருக்குச் சட்ட வலு அதிகம். 2021இல் வெளிவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அத்தகைய புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தளங்களுக்குக் காலக்கெடு வைத்தன. தளத்தின் குறைதீர் அலுவலர் தரும் முடிவு நிறைவு தராவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். காவல்துறைப் புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவைக் குறிப்பிடுங்கள். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடம் தருகிறது.

கணக்கு உண்மையானது என்று காட்டும் நீலக் குறியைப் பார்த்து நம்புங்கள் என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் அந்தக் குறியை மாதம் 8 டாலருக்கு விற்கத் தொடங்கியதும், எலை லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு குறியோடு வந்து, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் மறுப்பும் வருத்தமும் தெரிவிக்க நேர்ந்தது.

காணொளித் தொகுப்பாளர்

ஒன்றை நீக்கினால் மறுநாள் இன்னொன்று முளைக்கும் என்பதால், உங்கள் பக்கத்திலேயே வழியை அடைப்பதுதான் நிலையான பயன் தரும். யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் தடைசெய்த சொற்களின் பட்டியல் உள்ளது; டெலிகிராம், வாட்ஸ்அப், பிரீமியம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் சேர்த்துவிட்டால், அச்சொற்கள் உள்ள கருத்துகள் நேரடியாக வெளிவராமல் உங்கள் பார்வைக்காக நிறுத்திவைக்கப்படும். சேனல் உரிமையாளர் எழுதும் கருத்தில் மட்டும் பெயருக்குப் பின்னால் நிறப் பட்டை தெரியும் என்பதையும் மாணவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். படத்தையும் பெயரையும் நகலெடுப்பவரால் அந்தப் பட்டையைக் கொண்டுவர முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் எந்தக் குழுவும் நடத்தவில்லை, யாரிடமும் பணம் வாங்குவதில்லை" என்ற அறிவிப்பை ஒவ்வொரு காணொளியின் தொடக்கத்திலும் நீங்களே பேசுங்கள். விளக்கக் குறிப்பைப் படிக்காமல் பாடத்துக்குப் போய்விடும் மாணவரும் உங்கள் குரலைக் கேட்காமல் போக மாட்டார்.

இலக்கண ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொற்பட்டியலை இப்போதே சேர்த்துவிட்டேன். அறிவிப்பை நாளைய பாடத்திலிருந்து பேசுகிறேன். ஒரு மாணவி மட்டும், 499 ரூபாய்க்காகக் காவல்துறை அலையுமா, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்களே என்று தயங்குகிறாள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அவளைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்லுங்கள், அம்மா. புகாரை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் அளிக்கலாம். 499 ரூபாய் தனியே பார்த்தால் சிறிய வழக்காகத் தோன்றும். ஆனால் ஒரே யுபிஐ முகவரி பத்து, இருபது புகார்களில் வரும்போதுதான் அந்தக் கணக்கின் பின்னால் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்பது வங்கிக்கும் காவல்துறைக்கும் புலப்படும். வீட்டில் சொல்ல அவள் அஞ்சினால், ஆசிரியை என்ற முறையில் நீங்களே அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தானே அவளை ஏமாற்றினார்கள்.