திருமலையிலிருந்து கொழும்புக்கு கேம் வேலை: அப்பாவின் காமிக்ஸையும் என் சொந்த கேமையும் என்ன செய்வது?

மட்டிக்களிப் பெடியன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வீட்டில் யாரோடும் இதை முழுதாகக் கதைக்க முடியவில்லை.

சொந்த இடம் திருகோணமலை. இங்கே கம்பஸில் கொம்பியூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு ஆட்களுக்கு மொபைல் கேம் வேலைகள் செய்து கொடுக்கிறேன், பெரும்பாலும் யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில். இப்போது கொழும்பில் ஒரு கேம் ஸ்டூடியோவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதுவரை தினமும் ஒபிஸுக்கு வர வேண்டும், பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றிக் கதைக்கலாம் என்கிறார்கள். அனிமேஷன் செய்பவரும் சத்தம் சேர்ப்பவரும் பக்கத்து மேசையில் இருக்க நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அந்த ஆசைதான் என்னைப் போகச் சொல்கிறது, சம்பளம் அதற்குப் பிறகுதான்.

குழப்பம் இரண்டு. முதலாவது அப்பாவின் காமிக்ஸ். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த நேரம், தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய் வந்தவர்களிடம் சொல்லிவைத்து வாங்கியவை அதில் இருக்கின்றன. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும் இருக்கிறது, அட்டை மட்டும் இல்லை. தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இரண்டு தகரப் பெட்டிகளில். நான் வாசிக்கப் பழகியதே அந்தப் பெட்டிகளில்தான். அப்பா இப்போது இல்லை, அம்மாவால் அவற்றைத் தூக்கி வெயில் காட்டவும் முடியாது. கூடவே கொண்டுபோவதா?

இரண்டாவது என் கேம். ஒரு காமிக்ஸ் புத்தகம் போலக் கட்டம் கட்டமாக நகரும் கேம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதை 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தைத் தாக்கிய காலையில் நடக்கிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கும் துறைமுகத்துக்கும் இடையே தந்தி கொண்டு ஓடும் ஒரு பெடியன்தான் கதாநாயகன். விளையாடுபவர் கட்டங்களின் வரிசையை மாற்றினால் அவன் போகும் பாதை மாறும். ராத்திரி ராத்திரியாக இதைச் செய்து வருகிறேன். இந்த நிலையில், வந்த நியமனக் கடிதத்தில் "பணியில் இருக்கும் காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்து ஆக்கங்களும் நிறுவனத்துக்குரியவை" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கேமும் அவர்களுக்கா? கையெழுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமா, கேட்டால் வேலையே போய்விடுமா?

---

உப்புவெளி அக்கா:

தம்பி, நான் உப்புவெளி, கேம்களுக்குப் பின்னணி வரைகிற வேலை, இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெட்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் திகதி வைத்து வருகிற விஷயம் அதுதான்.

எங்கள் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்வது இது: ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கும் ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். வேலையின் பகுதியாக என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வீட்டில் இரவில் உங்கள் லப்டொப்பில் செய்கிற கேம் இயல்பாக அதற்குள் வராது. ஆனால் உங்களுக்கு வந்திருக்கிற வரி சட்டத்தைவிட அகலமானது, அதில் கையெழுத்து வைத்தால் நாளைக்கு வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள். கேம் ஓடாமல் கிடந்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். நாலு பேர் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால்தான் அந்த வரியைத் தேடி எடுப்பார்கள்.

அதனால் சேருவதற்கு முதலே கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். கேமின் பெயர், ஒரு பந்திச் சுருக்கம், எப்போது தொடங்கினீர்கள், இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதி, "இது நான் சேருவதற்கு முன்பே உள்ள என் சொந்த ஆக்கம், ஒபிஸ் நேரத்துக்கு வெளியே, என் சொந்தக் கருவிகளில் தொடர்ந்து செய்வேன், நிறுவனத்தின் கோட், படம், சத்தம் எதையும் இதில் பயன்படுத்தமாட்டேன்" என்று இணைப்பாகப் போட்டு அதில் அவர்களும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. கேம் செய்கிற இடங்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஏதோ ஒன்று வீட்டில் இருக்கும், மனிதவளப் பிரிவுக்கு அது தெரியும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் இப்படி எழுதித் தர மறுத்தார்கள், அங்கே ஒரு பெடியனின் சின்னக் கேம் ஒன்று பல மாதம் இழுபட்டுக் கடைசியில் வெளிவரவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, கோட் முழுவதையும் சொந்த மின்னஞ்சலில் திறந்த கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு கொமிட்டிலும், அதாவது நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், திகதி இருக்கும், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒபிஸ் லப்டொப்பில் ஒரு தடவைகூட அதைத் திறக்காதீர்கள், மதிய இடைவேளையில்கூட.

---

பழைய அட்டை:

காமிக்ஸ் சேர்க்கிறவன் என்ற முறையில் பெட்டிகளுக்கு நான் பதில் சொல்கிறேன். கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம்.

அந்தக் காலத்து இதழ்கள் நியூஸ்பிரின்ட் தாளில் வந்தவை. அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் உண்டு, வெளிச்சமும் சூடும் பட்டால் மஞ்சளாகி, பிறகு மடிக்கிற இடத்தில் ஒடியும். திருமலையில் பெருமழை மாரியில்தான், மற்ற மாதங்கள் ஓரளவு காய்ந்திருக்கும். கொழும்பில் மே முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, ஒக்டோபர் நவம்பரில் இன்னொன்று. நீங்கள் எடுக்கப் போவது அநேகமாகக் கீழ்த்தட்டு அறையாகத்தான் இருக்கும், சுவரே ஓதம் காக்கும். தகரப் பெட்டியை இறுக்கி மூடினால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், உள்ளே ஈரம் அகப்பட்டால் அதுவே பூஞ்சணத்துக்கு வீடு.

அம்மா வெயில் காட்டத் தேவையில்லை, சொல்லப்போனால் காட்டவே கூடாது, வெயில்தான் அச்சு மையையும் தாளையும் கெடுக்கிறது. போவதற்கு முன் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து நிழலில் விரித்து மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். ஒவ்வொரு இதழையும் தைத்திருக்கும் கம்பிப் பின்னையும் பாருங்கள், கடல் காற்றுக்கு அது துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் அதே துளைகளில் கட்டலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம், சில வருடங்களில் அந்தப் பசை பழுப்பாகி எழுத்தையே மூடிவிடும். பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள், உயரமாக வேண்டாம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிலத்தில் வைக்காமல் றாக்கையிலோ பலகை மேலோ தூக்கி வையுங்கள். கறையான் வரும் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம்.

பிறகு ஸ்கேன். கோட்டுப் படம் என்பதால் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) எடுங்கள், 300-இல் எடுத்தால் மெல்லிய குறுக்குக் கோடுகள் எல்லாம் கசங்கிவிடும். அது உங்கள் சொந்தப் பார்வைக்கு. பொதுவில் ஏற்ற வேண்டாம், உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அதில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. இரும்புக்கை மாயாவி 1962-இல் இங்கிலாந்தில் வேலியன்ட் இதழில் தொடங்கிய தொடர், ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. இன்றைக்கு அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் தொகுதியை வைத்திருப்பது ரெபெலியன் என்ற ஒக்ஸ்ஃபர்ட் நிறுவனம். அவர்கள் கேம் செய்கிறவர்கள், ஸ்னைப்பர் எலீட் அவர்களுடையது. கேம் செய்து சம்பாதித்த ஆட்கள் 2000-இல் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழைய காமிக்ஸ்களை வாங்கி மறுபடி அச்சிடுகிறார்கள். உங்கள் இரண்டு ஆசையும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

---

நிலாவெளி ஃபைபர்:

நான் மாறுபடுகிறேன். ஏன் போக வேண்டும்? கொழும்பில் அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) எடுத்தால் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது சாதாரணம், ஒரு வருடம் கேட்பவர்களும் உண்டு. சாப்பாடு, பஸ், வார இறுதியில் ஊர் வந்து போகும் செலவு எல்லாம் கழித்துப் பாருங்கள். மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் போனால் சம்பளத்தில் வரியும் வெட்டுவார்கள். வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலரில் எடுக்கிற வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து வரி வந்துவிட்டது உண்மைதான், ஆனால் அதன் உச்சம் 15%, சம்பளத்துக்கு உச்சம் 36%.

சம்பளத்தை ஒப்பிடும்போது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஈ.பி.எஃப்-க்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பக்கம் 8%, அவர்கள் பக்கம் 12%, ஈ.டி.எஃப்-க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) அவர்கள் பக்கம் 3%. எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம் வரும்.

ஊரில் இருந்து வேலை செய்கிற பெடியன்கள் எல்லோரும் கிளம்பிவிட்டால் இங்கே ஒரு ஸ்டூடியோ எப்போது உருவாகும்? எனக்கு இது உண்மையிலேயே கவலை.

---

உப்புவெளி அக்கா:

@நிலாவெளி ஃபைபர் கணக்கு சரி. ஆனால் தம்பி எழுதியதைத் திரும்ப வாசியுங்கள், அவர் பக்கத்து மேசையைத் தேடிப் போகிறார். ஒரு பாய்ச்சலின் அனிமேஷனில் எத்தனை ஃபிரேம் தள்ளி அடி விழ வேண்டும் என்று மூன்று பேர் ஒரே திரையைப் பார்த்துச் சண்டை பிடிப்பதை மெசேஜில் படிக்க முடியாது. ஊரில் ஸ்டூடியோ வரவேண்டும் என்றால் அதை நடத்தத் தெரிந்தவர்கள் முதலில் எங்கேயாவது பழகி வர வேண்டும். முதலில் அனெக்ஸ் எடுக்காதீர்கள், சாப்பாட்டோடு போர்டிங் அறை ஒன்று பாருங்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிடைக்கும்.

---

கோட்_குடா:

மற்றதெல்லாம் கதைத்துவிட்டார்கள், எனக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வி. கேம் தமிழிலா? அப்படியென்றால் பேச்சுக் குமிழிகளுக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழைச் சரியாகக் கோக்காது. "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் போக வேண்டும், அது பின்னால் நிற்கும். யூனிட்டி போன்ற இன்னொரு கேம் மென்பொருளான கோடோட் 4-இல், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் இந்தத் தலையிடி இல்லை, அன்ரியல் என்ற மற்றதிலும் இல்லை. யூனிட்டி 6-இல் யூஐ டூல்கிட் என்ற திரை வடிவமைப்புப் பகுதியில் புதிய எழுத்து இயந்திரம் வந்திருக்கிறது, அதைப் பரிசோதியுங்கள்.

வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றுகிற மாதிரி வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். யூனிகோட் குறியீடு குறியீடாகக் காட்டினால் முதலில் "க" வந்து பிறகு "கோ" என்று துள்ளும், பார்க்கச் சகிக்காது. யூனிட்டியின் கோட் மொழியான சி ஷார்ப்பில் இருக்கும் ஸ்ட்ரிங்இன்ஃபோ வகுப்பால் முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்குக் கவிவனர் பாருங்கள், கையெழுத்துச் சாயல், இலவச உரிமம். ஆங்கிலக் குமிழியின் அளவை வைத்து வரைந்தால் தமிழ் வசனம் வெளியே தள்ளும், முதலில் வசனத்தை எழுதி, அதற்குப் பிறகு கட்டத்தை வரையுங்கள்.

---

மட்டிக்களிப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. அக்கா சொன்ன மாதிரி இணைப்பை எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, கேமின் பெயரைக் குறிப்பிட்டு விலக்கித் தருகிறார்களாம், ஆனால் கேம் வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் அறிவிக்க வேண்டுமாம். அறிவிப்பதா, அனுமதி வாங்குவதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

@கோட்_குடா ஆம், தமிழில்தான். டெக்ஸ்ட்மெஷ் புரோவில் கொம்பு பின்னால் நிற்பதைச் சமாளிக்க வசனங்களையே படமாக ஏற்றி வைத்திருந்தேன். கோடோட்டுக்கு மாற்றினால் கட்டம் நகர்த்துகிற கோட் எல்லாம் திரும்ப எழுத வேண்டும், இருந்தாலும் ஒரு காட்சியை மாற்றிப் பார்க்கிறேன்.

@பழைய அட்டை பின் கழற்றத் தொடங்கிவிட்டோம். அம்மா நூல் கோக்கிறா, என்னைவிட நேர்த்தியாக. பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும், வெள்ளி இரவு ரெயில் ஏறினால் சனி விடியத் திருமலைதானே. அந்த அட்டை இல்லாத முதல் இதழுக்கு மட்டும் ஒரு கேள்வி: முதல் பக்கம் வெளியே தெரிகிறது, ஓரம் உதிர்கிறது. அதற்கு வெளிப்புறம் எந்தத் தாளால் உறை போடுவது?

---

பழைய அட்டை:

அமிலமில்லாத தாள், ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் கேளுங்கள். பிரவுண் பேப்பர் வேண்டாம். அட்டையில்லாத பக்கத்துக்கு அதே அளவில் ஒரு கடின அட்டையை அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்து, இதழோடு சேர்த்துப் பொலியெஸ்டர் உறைக்குள் போடுங்கள், பிவிசி உறை கூடாது. ஒட்ட வேண்டாம், சும்மா நுழைத்தால் போதும்.

---

உப்புவெளி அக்கா:

அறிவிப்பது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள் தம்பி. அனுமதி என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய பிரதி கைக்கு வந்த பிறகு ரிக்கெட் போடுங்கள்.