வீட்டுக்குள் 12 அடி மீன்தொட்டி: செங்கல் சுவர் தாங்குமா, கான்கிரீட்தானா?

அரோவானா மதுரை:
வணக்கம். புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், பேஸ்மெண்ட் மட்டம் வரை வேலை வந்துவிட்டது. தரைத்தளத்தில் ஹால் சுவரை ஒட்டி 12 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி கட்ட ஆசை, முன்பக்கம் 8க்கு 3 அடியில் கண்ணாடி. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விரல் நீளக் குஞ்சாக வாங்கிவந்த சில்வர் அரோவானா இப்போது 20 அங்குலம் ஆகிவிட்டது, இருக்கிற 4 அடித் தொட்டியில் வாலைக் கண்ணாடியில் உரசிக்கொண்டுதான் திரும்புகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. கொத்தனார் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு பூசினால் போதும், சம்ப்பை எல்லாம் அப்படித்தானே கட்டுகிறோம் என்கிறார். கட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோவை சைட் இன்ஜினியர்:
தம்பி, செங்கல் வேண்டவே வேண்டாம். சம்ப் மண்ணுக்குள் இருக்கிறது, உள்ளே தண்ணீர் தள்ளினால் வெளியே மண் முட்டுக் கொடுக்கும். உங்கள் தொட்டிக்கு வெளியே இருப்பது ஹாலும் சோபாவும்தான். நிரப்பினால் சுமார் 6,800 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 7 டன், கான்கிரீட்டையும் சேர்த்தால் இன்னும் பல டன் ஏறும். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் வழக்கமாகக் கணக்குப் போடுவோம், 4 அடித் தண்ணீர் 1,200 கிலோ. அதனால் தரைத்தளமே ஆனாலும் நிரப்பிய மண்மேல் டைல்ஸ் போட்டு அதன்மேல் உட்கார வைக்காதீர்கள். கெட்டி மண் வரை தோண்டித் தொட்டிக்கென்றே தனி அடித்தளம் போடுங்கள், இப்போது பேஸ்மெண்ட்டில் நிற்பதால் நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சுவர் 6 அங்குல ஆர்சிசி, அதாவது கம்பி கட்டிய கான்கிரீட், எம் 30 என்ற வலிமைத் தரக் கலவை. கம்பி அளவை உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள், நீர் தாங்கும் கட்டடங்களுக்கு ஐஎஸ் 3370 என்று தனி விதியே இருக்கிறது. நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான்: அடித்தளமும் சுவரும் சேரும் மூட்டு. தளம் போடும்போதே சுவரின் அடியில் 4 அங்குலத்தையும் சேர்த்து ஊற்றிவிட்டு, மூட்டில் தண்ணீரைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வைத்து, மீதிச் சுவரை ஒரே நாளில் முடியுங்கள், பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரக் கூடாது. வைப்ரேட்டர் போடாமல் கம்பால் குத்தினால் ஜல்லி தனித்து நின்று தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அப்புறம் டிரெயின், ஓவர்ஃப்ளோ பைப் எல்லாம் கான்கிரீட் ஊற்றும் முன்பே உள்ளே நிற்க வேண்டும், பின்னால் துளை போடுகிறேன் என்ற பேச்சே கூடாது.

திருச்சி குளத்துமீன்:
கண்ணாடி பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் நான் அடிபட்டேன். உங்கள் 8க்கு 3 கண்ணாடியைத் தண்ணீர் 1,300 கிலோவுக்கு மேல் தள்ளும். எனவே கண்ணாடி உள்பக்கம்தான் உட்கார வேண்டும், தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். சுற்றிலும் 3 அங்குலமாவது கான்கிரீட் விளிம்பு விடுங்கள், மட்டம் பிசகாமல். எனக்கு ஒரு மூலையில் விளிம்பு சற்று மேடாக நின்றதை யாரும் கவனிக்கவில்லை, அதோடு மீன்தொட்டிக்குப் போடுகிற, வினிகர் வாசனை வருமே, அந்த சிலிக்கானையே போட்டோம். கண்ணாடிக்கு அது நன்றாக ஒட்டும், கான்கிரீட்டில் நிற்காது. நிரப்பிய பதினோராவது நாள் அடியில் நகத்தால் நெம்பினேன், பால் ஆடை மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. பிறகு அந்த வாசனை வராத நியூட்ரல் சிலிக்கானும், கான்கிரீட்டுக்கு அதற்குரிய பிரைமரும் போட்டு, 12+12 லேமினேட்டட் டஃபன்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கிய 12 மி.மீ. கண்ணாடி இரண்டை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) மாட்டினோம், மூன்று வருடமாகச் சொட்டு இல்லை. டஃபன்ட் மட்டும் போதாது, உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும், லேமினேட் விரிசல் விட்டாலும் தாங்கி நிற்கும். என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஆழத்தைச் சொல்லித் தடிமனைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில் ஆஸ்கர்:
கசியவில்லை என்றதும் மீனை விட்டுவிடாதீர்கள் அண்ணா. புதுச் சிமெண்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி, தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் 11, 12 வரை ஏறும், மீனின் செவுள் வெந்துபோகும். எங்கள் பக்கம் சிமெண்ட் தொட்டிக்கு வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைத்து, நாற்றம் எடுத்ததும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார்கள், சின்னத் தொட்டிக்கு அது சரி. இவ்வளவு பெரியதற்கு, குடிநீர்த் தொட்டிக்குப் பூசும் எபாக்ஸி என்ற பிசின் பூச்சுதான் நம்பிக்கை. கான்கிரீட்டை 28 நாள் ஆறவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு பூசுங்கள், இல்லையென்றால் கொப்புளம் கிளம்பும். பூச்சு காய்ந்ததும் நிரப்பி இரண்டு நாள் விட்டு, தொட்டித் தண்ணீரின் பிஎச்சையும் உங்கள் போர் தண்ணீரின் பிஎச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஃபில்டரில் மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா உருவாக அதற்குமேல் 4 முதல் 6 வாரம். அதுவரை அரோவானா பழைய தொட்டியிலேயே இருக்கட்டும்.

அரோவானா மதுரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொத்தனாரிடம் மண் முட்டுக் கொடுக்கும் விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒத்துக்கொண்டார். நாளைக்கு இன்ஜினியரைப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, மேலே திறந்தே விடலாமா?

திருச்சி குளத்துமீன்:
விடவே விடாதீர்கள், அரோவானா துள்ளும். தண்ணீர் மட்டத்தை விளிம்பிலிருந்து அரை அடி இறக்கி வையுங்கள், அலுமினியச் சட்டத்தில் வலை அடித்த மூடி போட்டு, பூட்டுகிற மாதிரிக் கொக்கியும் வையுங்கள். கொக்கிக்கான போல்ட்டையும் கான்கிரீட் ஊற்றும்போதே பதித்துவிடுங்கள்.