பாதி எச்பியில் (உயிர் அளவில்) டேங்க் நிற்கும்போது ஹீலர் என்ன செய்துகொண்டிருந்தார்?

கவசம்77: நேற்று வெள்ளைக்கோல் நம் குழுவில் எழுதியதைப் பார்த்தீர்களா? "ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆன்லைன் கேமில் ஹீலருக்குக் கை நடுக்கம் போக வேண்டுமா? டேங்கின் எச்பி பாதிக்குக் கீழே இறங்கும்வரை ஹீல் பட்டனையே தொடாதீர்கள்." பாதியாம்! முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்க் நான். பாதி எது என்று பின்னால் நின்று மந்திரக்கோல் சுழற்றி எங்கள் உயிரை நிரப்புகிற ஹீலர் முடிவு செய்கிறார். போன ஞாயிறு எதிரிகள் நிறைந்த ஒரே டன்ஜனில் இரண்டு முறை செத்தேன்.

வெள்ளைக்கோல்: முழுசாகப் படிக்காமல் வந்துவிட்டீர்கள், சரி. அது பழகுவதற்குச் சொன்னது. புதிதாக வருகிறவர்கள் டேங்குக்கு ஒரு கீறல் விழுந்தாலே கியூர் என்ற ஹீலைப் போட்டு எம்பியை, அதாவது மந்திர சக்தியை, கொட்டிவிடுகிறார்கள். பாதிவரை விட்டுப் பார்த்தால்தான் எந்த அடி எவ்வளவு இறக்கும் என்று பிடிபடும். அதுவரை எதிரி மேல் ஸ்டோன் மந்திரம் எறியலாமே, சும்மா நிற்பதற்கு? அப்புறம் அந்த ஞாயிறு நீங்கள் ராம்பார்ட் போடாமல் இரண்டு எதிரிக் கூட்டத்தைச் சேர்த்து இழுத்தீர்கள். அந்தத் தற்காப்பு 20 விழுக்காடு அடியைக் குறைக்கும், 20 நொடி நிற்கும். உங்கள் கீபோர்டில் அந்தப் பட்டன் மட்டும் கழன்றுவிட்டதா?

கவசம்77: ராம்பார்ட் கதை வேண்டாம். பாதி என்று எழுதினீர்களா, இல்லையா?

வியாசை_கீப்பர்: வியாசர்பாடியில் பத்து வருடம் ஃபுட்பாலில் கோல் காத்தவன் சொல்கிறேன். பந்து வரும் திசை தெரியும்வரை நிற்பவன்தான் கீப்பர். முன்னாலேயே பாய்கிறவன் ஏமாறுவான். ஹீலரும் அப்படித்தான்.

கவசம்77: உங்களுக்குப் போனால் ஒரு கோல். நான் போனால் ஹீலர், மந்திரத்தை உடனே போட வைக்கும் ஸ்விஃப்ட்காஸ்ட்டை எதற்கோ வீணாக்கிவிட்டு, செத்தவனை எழுப்பும் ரெய்ஸை 8 நொடி போட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் மற்ற இரண்டு பேரும் காலி.

வியாசை_கீப்பர்: ஒரு கோலா! கோல் வாங்கியிருக்கிறீர்களா வாழ்க்கையில்?

ஒற்றியூர்_புதுசு: அண்ணா, நான் கான்ஜுரர், அதாவது ஆரம்பநிலை ஹீலர், லெவல் 15. முதல் டன்ஜன் சஸ்டாஷாவுக்குப் போகவே பயமாக இருக்கிறது. நாலு பேரில் ஹீலர் நான் ஒருத்திதான். யார் செத்தாலும் என்னைத்தானே திட்டுவார்கள்?

பெரம்பூர்_பாட்டரி: தங்கச்சி, டியூட்டி சப்போர்ட் இருக்கிறது. கணினியே ஓட்டும் மூன்று பேரோடு உள்ளே போகலாம். அவர்கள் திட்ட மாட்டார்கள். நான் அப்படி நாலு தடவை போய்த்தான் கை பழகினேன்.

கவசம்77: பொம்மையோடு பழகியதெல்லாம் ஒரு பழக்கமா? நிஜ டேங்க் எதிரிகளைச் சுவர்வரை இழுத்துக்கொண்டு ஓடுவான், அங்கே தெரியும். பெரம்பூர்க்காரர்களுக்கு எல்லாமே சொகுசு. அது வடசென்னையே இல்லை.

பெரம்பூர்_பாட்டரி: யார் சொன்னது? பெரம்பூர் சட்டமன்றத் தொகுதி வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில்தான் இருக்கிறது. 1955-லிருந்து ஐசிஎஃப்-பில் ரயில் பெட்டி செய்கிற ஊர் ஐயா.

ராயபுரம்_ரசம்: ரயில் பேச்சா? ராயபுரம் ஸ்டேஷன் 1856. நீங்கள் 99 வருடம் லேட்.

கவசம்77: ஸ்டேஷனை விடுங்கள். பாதிக்குப் பதில் இன்னும் வரவில்லை.

வெள்ளைக்கோல்: பதில்தானே? லெவல் 50-ல் பெனடிக்ஷன் என்ற ஹீல் வருகிறது. உங்கள் எச்பி 1 ஆக இருந்தாலும் ஒரே அழுத்தில் முழுசாக நிரம்பும். ஆனால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். கொஞ்சம் மேலே போனால் 20 நொடிக்கு ஒரு லில்லிப் பூ சேரும், அதைச் செலவழித்து ஹீல் போட எம்பியே வேண்டாம். எது எப்போது தயார் என்று மனசில் ஓடத் தொடங்கிய நாளில்தான் எனக்குப் பயம் விட்டது. ஹோலி மந்திரம் போட்டால் எதிரிக் கூட்டமே சில நொடி மயங்கி நிற்கும், அந்த நேரம் உங்களுக்கு அடியே விழாது. இது தெரியாத டேங்குக்குத்தான் பாதியைக் கண்டால் வயிறு கலங்கும்.

கவசம்77: கேட்டது லெவல் 15 பிள்ளை. பெண்ணே பார்க்கவில்லை, நீங்கள் வளைகாப்புக்குப் பந்தல் போடுகிறீர்கள். இதே ஆள்தான் போன மழையில் கரண்ட் போய் நான் கேமிலிருந்து வெளியே விழுந்தபோது "பயந்து ஓடிவிட்டார்" என்று எழுதியவர். மறக்கவில்லை.

வெள்ளைக்கோல்: உங்கள் தெருவில் மட்டும் பாஸ், அதாவது பெரிய எதிரி, வரும்போதெல்லாம் கரண்ட் போகிறதே, அதைத்தான் எழுதினேன்.

ராயபுரம்_ரசம்: 😂

ஒற்றியூர்_புதுசு: அண்ணா, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டு வந்துவிட்டேன். மனுஷங்களோடுதான். டேங்க் ஒரு தடவை செத்தார், ரெய்ஸ் போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கூட ஆடியவர்களிடமிருந்து இரண்டு கமெண்டேஷன் (பாராட்டு) கிடைத்தது!

கவசம்77: அது இருக்கட்டும். ஹீலை எப்போது ஆரம்பித்தாய்? பாதிக்கு மேலா, கீழா?

ஒற்றியூர்_புதுசு: பார்க்கவில்லை அண்ணா.

வெள்ளைக்கோல்: கீழேதான் இருந்திருக்கும். அதனால்தான் கமெண்டேஷன்.

கவசம்77: அதனால்தான் டேங்க் செத்தான்.